தாழ்வாரத்துக்குக் குட்டைத் தக்காளி: செடி சின்னதா, பழம் சின்னதா?

நீங்கள் கேட்டது இதுதான்: சிங்கப்பூரில் ஏழாம் மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கிழக்கு பார்த்த தாழ்வாரம். இரண்டு முறை செர்ரி தக்காளி வைத்தீர்கள். இரண்டு முறையும் செடி ஆளுயரம் தாண்டிப் போய், பூத்து, பூவெல்லாம் கொட்டிவிட்டது. அதனால் இந்தத் தடவை "சின்ன ரகம்" எதையாவது வாங்க நினைக்கிறீர்கள், எது நல்லது என்கிறீர்கள். ரசத்துக்கு நாலு தக்காளியாவது வீட்டிலேயே பறிக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. ரகத்தின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் "சின்ன" என்ற சொல்தான் உங்களை முதல் முறையே தடம் மாற்றியிருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

தக்காளியில் பழம் சின்னதாக இருப்பது வேறு, செடி சின்னதாக இருப்பது வேறு. செர்ரி தக்காளி என்பது பழத்தின் அளவைச் சொல்லும் பெயர். செடியைப் பார்த்தால் செர்ரி ரகங்களில் பெரும்பாலானவை நிற்காமல் வளரும் கொடிகள், இரண்டு மீட்டர் சர்வசாதாரணம். விதைப் பொட்டலத்தில் இவற்றுக்கு "இன்டிடர்மினேட்" என்று போட்டிருக்கும். நுனி மொட்டு வளர்ந்துகொண்டே இருக்கும், மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து விடும். "டிடர்மினேட்" என்று போட்டிருப்பவை புதர் வகை. இவற்றில் பூங்கொத்துகளுக்கு நடுவே இலைகள் குறைந்துகொண்டே போய், கடைசியில் நுனியிலேயே ஒரு பூங்கொத்து வந்து அந்தத் தண்டு அதோடு நின்றுவிடும். இந்தக் குணம் 1914இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தற்செயலாக ஒரு செடியில் தோன்றியது. இன்றைய புதர்த் தக்காளிகளுக்கெல்லாம் மூலம் அதுதான். உங்கள் கையில் இருக்கும் செடி எந்த வகை என்று தெரியாவிட்டால் இரண்டு பூங்கொத்துகளுக்கு நடுவே உள்ள இலைகளை எண்ணிப் பாருங்கள். விடாமல் மூன்று மூன்றாக வந்தால் அது கொடி. ஒன்று, இரண்டு என்று குறைந்தால் புதர்.

மூன்றாவதாக உண்மையிலேயே குள்ளமானவை இருக்கின்றன. தண்டை நீளச் செய்யும் ஹார்மோன் ஒன்றைச் செடி போதுமான அளவு தயாரிக்க முடியாதபடி ஒரு மரபணு பழுதுபட்டிருப்பதால் வரும் குள்ளம் இது. இலை கரும்பச்சையாக, சுருங்கி, தடிப்பாக இருக்கும். கணுக்கள் நெருக்கமாக அடுக்கினாற்போல் நிற்கும். நாற்று மூன்று வாரம் ஆகும்போதே இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பொட்டலத்தில் மைக்ரோ டாம் என்ற மிகக் குள்ள ரகத்தின் பெயரைப் போட்டு, முளைத்த நாற்று மெலிந்து நீண்டு, மெல்லிய இலையோடு நின்றால், ஒன்று விதை மாறியிருக்கிறது, அல்லது வெயில் போதவில்லை.

இந்தக் குள்ளம், புதர்க் குணம் இரண்டும் சேர்ந்து வந்தவைதான் மைக்ரோ ட்வார்ஃப் எனப்படும் மிகக் குள்ள ரகங்கள். மைக்ரோ டாமை ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்டது. 15 முதல் 20 செ.மீ உயரம்தான். பூந்தொட்டியில் அழகுக்கு வைக்க உருவாக்கியது, பிறகு ஆய்வுக்கூடங்களுக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. ருசி சுமார்தான், தோல் கொஞ்சம் தடிப்பு. ரெட் ராபின் 20 முதல் 30 செ.மீ வரை போகும், பழம் சற்றுப் பெரிது, சாப்பிடவும் மேல். ஆரஞ்சு ஹேட் இதே அளவில் ஆரஞ்சு நிறப் பழம். டைனி டிம் இவற்றைவிடக் கொஞ்சம் உயரம், 30 முதல் 45 செ.மீ. 1940களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய ரகம். உங்கள் தாழ்வாரத்துக்கு நான் முதலில் சொல்வது ரெட் ராபின். அது கிடைக்காவிட்டால் டைனி டிம். மைக்ரோ டாமை வெயில் மிகக் குறைவான இடத்தில் சோதனைக்கு வைக்கலாம், ரசத்துக்கு நம்ப வேண்டாம்.

"பேஷியோ", "பால்கனி", "பாட்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அவை விற்பவரின் சொற்கள், உயரத்துக்கு உத்தரவாதம் இல்லை. பொட்டலத்தில் உயரம் செ.மீட்டரில் இருக்கிறதா, டிடர்மினேட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இன்னொன்று, தக்காளிப் பொட்டலத்தில் "65 நாள்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் நாற்றை எடுத்து நட்ட நாளிலிருந்து எண்ணுவது. விதைத்த நாளிலிருந்து கணக்கிட இன்னும் நாலிலிருந்து ஆறு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். பேரங்காடியில் வாங்கிய செர்ரி தக்காளியின் விதையை முளைக்கப்போடுவதும் வேண்டாம். அவை பெரும்பாலும் எஃப்1 கலப்பினம் என்பதால் தாயைப் போலப் பிள்ளை வராது, வருவதும் அநேகமாகக் கொடியாகத்தான் இருக்கும். விதையை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி பூ கொட்டிய விஷயம். தக்காளி தென்னமெரிக்க மலைச்சரிவுகளின் வழி வந்த செடி. பகல் சூட்டைத் தாங்கிவிடும், இரவுச் சூடுதான் ஒத்துக்கொள்ளாது. இரவு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் நன்றாகக் காய் பிடிக்கும். சிங்கப்பூரில் இரவின் குறைந்த வெப்பநிலையே 23 முதல் 25 டிகிரி, பகலில் 31 முதல் 33. இந்தச் சூட்டில் மகரந்தம் பாதி மலடாகிவிடுகிறது. பூ விரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போதே அந்தச் சேதம் நடந்துவிடும். அதனால்தான் பூ பார்க்க நன்றாக இருந்தும் பிடிக்காமல் போகிறது. நம் சந்தைக்குத் தக்காளி அனுப்பும் மலேசியாவின் கேமரன் மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த இரவுகளோடு இருக்கிறது. அங்கே காய்க்கிறதே என்று இங்கே ஒப்பிட முடியாது. சிறிய பழ ரகங்கள் பெரிய பழ ரகங்களைவிட இந்தச் சூட்டில் கூடுதலாகப் பிடிக்கும் என்பது மட்டும் உறுதி. குட்டைச் செடியிலேயே பெரிய பழம் தரும் ட்வார்ஃப் ரகங்கள் சில ஆண்டுகளாகப் பரவியிருக்கின்றன. அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் சேர்ந்து 2000களின் நடுவில் தொடங்கிய ஒரு தன்னார்வ முயற்சியில் வந்தவை. ருசிக்குப் பேர்போனவை, 60 முதல் 120 செ.மீ உயரம், தொட்டிக்கு 20 லிட்டர் மண் வேண்டும். ஆனால் பழம் பெரிது என்பதால் நம் இரவுகளில் ஏமாற்றம் தரும் வாய்ப்பு அதிகம். இப்போதைக்கு அவை வேண்டாம்.

உங்கள் செடி பூக்கொட்டியது இரவுச் சூட்டாலா, வெயில் குறைவாலா என்று எழுத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சந்தேகம் வலுவாக இருக்கிறது. கிழக்குத் தாழ்வாரம் என்றால் காலை வெயில் மட்டும்தான். தொட்டி தரையில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அடைத்துக் கட்டிய கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர் உயரம், செடி அதற்கு 30 செ.மீ உள்ளே, செடியின் நுனி தரையிலிருந்து 20 செ.மீ உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் ஏறக்குறைய எழுபது டிகிரி ஏறினால்தான் அந்தச் செடிமேல் வெயில் விழும். நம் ஊரில் அதற்குக் காலை பதினொன்றரை ஆகிவிடும். அதன்பின் ஒரு மணி நேரத்துக்குள் மேல்மாடித் தளம் வெயிலை மறைத்துவிடும். ஆக, பளிச்சென்று தெரியும் தாழ்வாரத்தில்கூடத் தரையில் இருக்கும் செடிக்கு நேர்வெயில் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. உங்கள் கொடி ஆளுயரம் போனதற்கு அதன் குணம் ஒரு காரணம் என்றால், சுவரைத் தாண்டி வெளிச்சத்தைத் தேடியது இன்னொரு காரணம். அதே இடத்தில், அதே தரையில் ரெட் ராபினை வைத்தால் அதற்குச் சுவரைத் தாண்டும் வழியே இல்லை. குட்டை ரகம் வாங்கியும் தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள்.

எனவே செடியை உயர்த்துங்கள். சுவருக்கு உள்பக்கமாக, 70 செ.மீ அளவில் உறுதியான இரும்பு அடுக்கு ஒன்று, தொட்டியின் விளிம்பு சுவரின் உச்சிக்கு ஒரு சாண் கீழே இருக்கும்படி. தொட்டிகளை அடுக்கோடு கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள். சுவரின் மேல் தொட்டி வைப்பது, வெளிப்பக்கம் தொங்கவிடுவது இரண்டும் கூடவே கூடாது. கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் உயிர் போகும். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் சுவரோரம் அடுக்கே வேண்டாம், அது அவர்களுக்கு ஏணி. தாழ்வாரத்தில் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. அளவு நாடாவால் அளந்து பார்த்துவிட்டு அடுக்கு வாங்குங்கள். இடம் போதாவிட்டால் தக்காளியை விட்டுவிட்டுக் கீரை வைப்பதே சரி.

கிழக்கு, மேற்கு பார்த்த வீடுகளுக்கு வெயில் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி. தெற்கு பார்த்த வீட்டுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரையிலும், வடக்கு பார்த்த வீட்டுக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும்தான் நேர்வெயில் உள்ளே வரும். சூரியன் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் மாதங்கள் அவை. இதைப் படிக்கும் தெற்கு வீட்டுக்காரர்கள் அக்டோபரில் விதைத்தால் டிசம்பர், ஜனவரியில் பூக்கும். ஆண்டிலேயே இரவு குளிர்ந்த காலமும் அதுவே. மழை சாரல் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்களுக்கும் நவம்பரில் விதைப்பது நல்லது. ஜனவரிக் கடைசியில் பூ வரும், பிப்ரவரி வறண்ட மாதம், மகரந்தம் ஈரத்தில் கட்டிதட்டாமல் உதிரும்.

தொட்டி, மண் பற்றி. மிகக் குள்ள ரகத்துக்கு ஒரு செடிக்கு 2 முதல் 3 லிட்டர், அதாவது வாய் 15 முதல் 18 செ.மீ உள்ள தொட்டி. டைனி டிம்முக்கு 5 லிட்டர். தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் இரண்டு பங்கு, பெர்லைட் எனும் எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள் ஒரு பங்கு. தென்னைநார்த் தூளை இரண்டு முறை தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுக் கலக்குங்கள். அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே தோண்டிய மண்ணை ஒருபோதும் சேர்க்காதீர்கள், காரணம் கீழே சொல்கிறேன். விதையை அரை செ.மீ ஆழத்தில் போட்டால் நம் சூட்டில் ஐந்திலிருந்து எட்டு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே வெயிலுக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள் ஒரு வாரம் வைத்தால் நாற்று நூலாகிவிடும், அதன்பிறகு தேறுவது கடினம்.

மெதுவாகக் கரையும் மணி உரம் போடுவதானால், அட்டையில் உள்ள "மூன்று மாதம்", "ஆறு மாதம்" என்பது பொதுவாக 21 டிகிரிக்குச் சொல்லும் கணக்கு. நம் சூட்டில் அதற்கு வெகு முன்பே கரைந்துவிடும். அதனால் சொன்ன அளவில் பாதி போட்டு, முதல் பூ வந்ததும் பொட்டாசியம் கூடுதலாக உள்ள தக்காளித் திரவ உரத்தைப் பாதி வலுவில் பத்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். நைட்ரஜன் கூடினால் இலைதான் கொழுக்கும். மிகக் குள்ளச் செடியில் பக்கக் கிளையைக் கிள்ளாதீர்கள். கொடித் தக்காளிக்குச் சொல்லும் வழக்கம் அது. இதில் கிள்ளும் ஒவ்வொரு கிளையும் ஒரு பூங்கொத்து. மண்ணைத் தொடும் இலை, மஞ்சள் இலை இவற்றை மட்டும் எடுங்கள். நடுவில் காற்றே போகாத அளவுக்கு இலை அடைந்துவிட்டால் மூன்று நாலு இலை எடுக்கலாம்.

பூ வந்ததும் தினமும் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் ஒரு வேலை இருக்கிறது. தக்காளிப் பூ தனக்குத் தானே சூல் பிடிக்கும், ஆனால் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் இருப்பதால் யாராவது அதிர்வு கொடுத்தால்தான் உதிரும். பூங்கொத்தின் காம்பில் மின்சாரப் பல்துலக்கியின் முதுகை இரண்டு மூன்று வினாடி வையுங்கள். கீழே கறுப்புத் தாளைப் பிடித்தால் மஞ்சள் பொடி விழுவது தெரியும். பொடி விழுந்தும் பூ கொட்டினால் மகரந்தம் மலடு, அதாவது சூடு. பொடியே விழாவிட்டால் காற்றில் ஈரம் அதிகம், அல்லது பூ இன்னும் முதிரவில்லை, மறுநாள் செய்து பாருங்கள். பிடித்த பூவின் காம்பு தடித்து, நடுவில் மிளகளவு பச்சை தெரியும். பிடிக்காத பூவின் காம்பில் முட்டி போன்ற கணு ஒன்று மஞ்சளாகி, அந்த இடத்திலேயே ஒடிந்து விழும்.

தண்ணீர் காலையில் ஒரு முறை, தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்திருந்தால் ஊற்றுங்கள். வெயில் உறைக்கும் நாளில் 2 லிட்டர் தொட்டிக்கு மாலையிலும் வேண்டியிருக்கும். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரை உடனே கொட்டுங்கள். மேல்மண் இறுகித் தண்ணீர் நின்றால் கிளறிவிடுங்கள். கொசு முட்டையிட அதுவே போதும், டெங்கிச் சோதனைக்கு வரும் அதிகாரிகள் முதலில் பார்ப்பதும் தொட்டித் தட்டுகளைத்தான். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் பழம் வெடிக்கும், அடிப்பக்கம் கறுத்து அழுகவும் செய்யும். இந்த அழுகலுக்கு முட்டை ஓடு போடச் சொல்வார்கள். ஓடு மட்க மாதக்கணக்கில் ஆகும், அந்தப் பழத்துக்கு உதவாது. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும், தண்ணீர் சீராக இல்லாததால் அது பழத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். எப்சம் உப்பு போட்டால் இன்னும் மோசமாகும். நல்லவேளையாகக் கோலிக்குண்டு அளவுப் பழங்களில் இது அபூர்வம்.

நோய்களில் நான் அஞ்சுவது பாக்டீரியா வாடல் ஒன்றுக்குத்தான். நேற்று வரை பச்சைப் பசேலென்று நின்ற செடி, இலை மஞ்சளாகக்கூட ஆகாமல், ஈர மண்ணிலேயே துவண்டு விழும். தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் மூழ்கும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போல இழை இழையாக இறங்கினால் அதுதான். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டு, தொட்டியைப் பிளீச் தண்ணீரில் கழுவுங்கள். அந்த மண்ணில் கத்தரியும் மிளகாயும்கூட வைக்கக் கூடாது, ஒரே குடும்பம். கீழ்மண்ணைச் சேர்க்க வேண்டாம் என்றது இதற்காகத்தான், வெப்பமண்டல மண்ணில் இந்தப் பாக்டீரியா பரவலாக இருக்கிறது. வெள்ளை ஈயும் செஞ்சிலந்தியும் வந்தால் இலையின் அடிப்பக்கம் படும்படி மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் வேப்பெண்ணெயைச் சோப்புநீரில் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள், வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பழம் முழுக்கச் சிவக்கட்டும் என்று செடியிலேயே விட்டுவைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடும். அதைப் பார்த்துக் காத்திருப்பதற்குள் மைனா கொத்திவிடும். பச்சை வெளுத்து இளஞ்சிவப்பு லேசாகத் தட்டியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் மூன்று நாலு நாள் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், மணம் போய்விடும்.

ரசக் கணக்குக்கு வருவோம். மிகக் குள்ளச் செடியின் பழம் ஒன்று ஐந்து, ஆறு கிராம்தான். நாலு பேருக்கு ரசம் வைக்க 150 கிராம் என்றால் இருபத்தைந்திலிருந்து முப்பது பழம். ஒரு செடியில் ஒரே நாளில் அவ்வளவு பழுக்காது. ஆறு செடி இருந்தால் வாரம் ஒரு ரசம் என்பது காலை வெயில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கும் இடத்தில் நடக்கக்கூடியது, அதற்குக் குறைந்தால் நடக்காது. ஒரே நாளில் ஆறையும் விதைக்காதீர்கள். இரண்டு இரண்டாக மாதம் ஒரு முறை விதையுங்கள், ஏனென்றால் இந்தச் செடிகள் நாலைந்து மாதத்தில் ஓய்ந்துவிடும்.

வெயில் முழுதும் கிடைக்கும் நிலம் உங்களுக்குக் கிடைத்தால் கணக்கே வேறு. தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகள் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அதில் ரெட் ராபினை வைப்பது இடத்தை வீணாக்குவது. பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 போன்ற, தமிழ்நாட்டுச் சமவெளிச் சூட்டுக்கென்றே வந்த புதர் ரகத்தை 60 செ.மீ இடைவெளியில் வையுங்கள். தட்டையான உருண்டைப் பழம், காம்போரம் பச்சை நிழலடிக்கும். ரசத்தில் அதன் புளிப்புக்குத் தனி இடம் உண்டு. பெங்களூருவில் உருவான அர்க்கா ரக்ஷக் வாடலையும் இலைச்சுருளையும் தாங்கும்படி வளர்க்கப்பட்ட கலப்பினம். பழைய பாத்தியில் வாடல் வந்திருப்பதாகத் தெரிந்தால் அதை எடுக்கலாம், ஆனால் அது உயரமாகப் போகும், குச்சி வேண்டும். தாழ்வாரத்துக்கு இரண்டுமே ஆகாது.

வாங்கும் முன் ஒரே ஒரு வேலை செய்துவிடுங்கள். அடுக்கு வைக்க நினைக்கும் இடத்தில், அதே உயரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வெள்ளைத் தட்டு ஒன்றை வைத்து, காலை எட்டு மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை அதன்மேல் நேர்வெயில் விழுகிறதா என்று குறியுங்கள். மூன்று நாள் குறித்ததை இங்கே போடுங்கள், எத்தனை செடி தாங்கும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.